ஐந்து வாட் சாம்ப்: கையால் வயரிங் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பராமரித்தல்

ஃபெண்டர் சாம்ப், ஒரே ஒரு ஒலியளவுக் குமிழும் எட்டு அங்குல ஸ்பீக்கரும் கொண்ட சுமார் ஐந்து வாட் கித்தார் ஆம்ப்ளிஃபயர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் புதிதாகக் கித்தார் கற்பவர்களை மனத்தில் வைத்து இதைச் செய்தது. 1950களின் பிற்பாதியில் ட்வீட் துணி போர்த்தி வந்த சாம்பின் சர்க்யூட்டுக்கு 5எஃப்1 என்று பெயர். திறன் குறைவு என்பதால், வீட்டுக்குள் தாங்கக்கூடிய சத்தத்திலேயே அதன் வால்வுகள் முழு மூச்சில் வேலை செய்து, தடித்துச் சற்றே உடைந்த நாதத்தைத் தரும். அந்த நாதத்துக்காகத்தான் ஒலிப்பதிவுக் கூடங்கள் இதைத் தேடின. எரிக் கிளாப்டன் 1970இல் ‘லைலா’ தொகுப்பின் ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தியதும் சாம்பே. அதே சர்க்யூட்டைக் கையால் வயரிங் செய்து ஃபெண்டரே ‘57 கஸ்டம் சாம்ப் என்ற பெயரில் மறுவெளியீடு செய்தது. 5எஃப்1 வரைபடத்தின்படி நாமே பூட்டிக்கொள்ளும் கிட்களும் கிடைக்கின்றன. இந்த அத்தியாயம் இரண்டு வகைக்கும் பொருந்தும்.

கைவயரிங் செய்த ஆம்ப் விலை கூடியது. அந்த விலைக்கு ஈடாகக் கிடைப்பதில் முக்கியமானது, உரிமையாளரே பழுது பார்க்கலாம் என்பது. அச்சிட்ட போர்டில் வால்வு சாக்கெட்டின் கால் ஒன்று விட்டுப்போனால் போர்டு முழுவதையும் வெளியே எடுக்க நேரும். கைவயரிங்கில் ஒவ்வொரு ரெசிஸ்டரும் கண்ணெதிரே தனித்தனியாகக் கிடக்கிறது. பழுதானதை மட்டும் மாற்றினால் போதும்.

எச்சரிக்கை: இந்த ஆம்புக்குள் 350 வோல்ட்டையும் தாண்டக்கூடிய நேர்மின்னழுத்தம் இருக்கிறது. ஆளைக் கொல்ல அது போதும். பிளக்கை உருவிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கலாம். மின்சாரத்தை வடிக்கும் பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் ஷாசிக்குள் கை வைக்கக் கூடாது.

## உள்ளே இருப்பவை

வால்வுகள் மொத்தம் மூன்று. 12ஏஎக்ஸ்7 சிறியது, ஒன்பது கால்கள் கொண்டது. கித்தாரிலிருந்து வரும் நலிந்த சிக்னலை இரண்டு படிகளில் பெருக்குகிறது. ஐரோப்பியப் பெயர் இசிசி83. 6வி6 பெரியது, எட்டுக் கால் அடித்தளம் கொண்டது. ஸ்பீக்கரை ஓட்டுவது இது. 5ஒய்3 மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர். இவற்றோடு இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர்கள், மூன்று மின்வடிப்புக் கெபாசிட்டர்கள், சிக்னல் கெபாசிட்டர்கள் சில, ஒரு கைப்பிடி ரெசிஸ்டர்கள். உதிரிகள் பெரும்பாலும் பித்தளைக் குழிகள் பதித்த ஒரே ஃபைபர் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

## தேவையான கருவிகள்

- 600 வோல்ட் நேர்மின்னழுத்தம் வரை அளக்கக்கூடிய தரமான டிஜிட்டல் மல்டிமீட்டர். பாதுகாப்பு வகை குறிக்கப்படாத மலிவு மீட்டர் இங்கே வேண்டாம்.
- மீட்டர் முனையில் மாட்டும் முதலைக் கிளிப்புகள், ரப்பர் உறையோடு.
- 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. காப்பிட்ட கம்பித் துண்டுகள் இரண்டு.
- 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயம் உறிஞ்சி.
- காய்ந்த மரக்குச்சி ஒன்று. பென்சில் கூடாது, அதன் உள்ளிருக்கும் கரி மின்சாரத்தைக் கடத்தும்.
- சீரிஸ் பல்பு போர்டு: சுவருக்கும் ஆம்புக்கும் நடுவே தொடர்வரிசையில் 60 வாட் குண்டு பல்பு இணைத்தது. எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. இழை சூடாகும்போது மின்தடை ஏறுவதுதான் ஆம்பைக் காக்கிறது.

## பிளக் செருகுவதற்கு முன்

பின்பலகையில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்தத்தை முதலில் படிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. அதை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸ் போகும், ட்ரான்ஸ்ஃபார்மரும் எரியலாம். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. இந்தக் குழப்பத்தால் எரிந்த ஆம்புகள் அநேகம்.

120 வோல்ட் ஆம்புக்கு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை. சாம்ப் இழுப்பது 40 வாட் அளவுதான் என்றாலும் 100 விஏ திறனுக்குக் குறையாததை வாங்குவது நல்லது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 110 வோல்ட் தருவது. 120க்கு 110 கொடுத்தால் வால்வு ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதிலாக 5.8 வோல்ட் அளவு போகும். பத்து சதவீத வரம்புக்குள் வருவதால் பாதகமில்லை. இதில் ஒரு நன்மையும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். மின்னழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பது அந்தச் சூட்டைத் தணிக்கும்.

இந்த இடத்தில் பலரும் தவறவிடுவது எர்த். மலிவான ஸ்டெப்-டவுன் பெட்டிகளில் வெளியீட்டுச் சாக்கெட் இரண்டு துளையோடு நின்றுவிடும், அல்லது மூன்றாவது துளை இருந்தும் உள்ளே கம்பி இருக்காது. ஆம்பின் ஷாசி, கித்தார் கேபிளின் உறைக்கம்பி, கித்தாரின் தந்தி மூன்றும் ஒரே இணைப்பு. ஷாசிக்கு எர்த் இல்லாத நிலையில் உள்ளே ஏதாவது கசிந்தால், தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவர் உடல் வழியாக மின்சாரம் பாயும்.

எர்த் சோதனை:

1. எல்லாப் பிளக்குகளையும் சுவரிலிருந்து உருவி வைக்கவும்.
2. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைக்கவும்.
3. ஒரு முனையைச் சுவரில் செருகும் பிளக்கின் பெரிய எர்த் காலிலும், மறுமுனையை ஆம்பின் ஷாசி திருகிலும் வைக்கவும். ஸ்டெப்-டவுன் இருந்தால் அதையும் இணைத்த நிலையிலேயே அளக்கவும்.
4. 1 ஓமுக்குக் கீழே காட்டினால் சரி. காட்டாவிட்டால், எலக்ட்ரீஷியனிடம் எர்த் சரிசெய்யும் வரை ஆம்பைப் பயன்படுத்தக் கூடாது.

சுவர்ச் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு.

குறிப்பு: ஸ்பீக்கர் இணைப்பு கழன்ற நிலையில் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது. சுமை இல்லாதபோது வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரில் மிகையான மின்னழுத்தம் எழுந்து அதன் காப்பு பொத்துப்போகும். சாம்புக்கு 4 ஓம் ஸ்பீக்கர். அதை மீட்டரால் அளந்தால் 3 முதல் 3.6 ஓம் வரை காட்டும், அது இயல்பு.

## தேங்கிய மின்சாரத்தை வடித்தல்

ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைத்தால், சூடான வால்வுகளே கெபாசிட்டர்களில் உள்ள மின்சாரத்தைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். ஆனால் வால்வுகளைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்திருந்தாலோ, வால்வு செத்திருந்தாலோ மின்சாரம் போக வழியிருக்காது. 5எஃப்1 வரைபடத்தில் தானாக வடிக்கும் ரெசிஸ்டர் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும், எவ்வளவு நேரம் கழித்துத் திறந்தாலும், மின்சாரம் உள்ளே இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரால் கெபாசிட்டரின் இரு முனைகளையும் ஒட்டுவது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழக்கம். அது தவறு. பொறி பறக்கும், கெபாசிட்டரின் உள் இணைப்பு பழுதாகும், அதிர்ச்சியில் கை வேறொரு இடத்தில் மோதும். ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடிப்பதே முறை.

1. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதைக் கண்ணில் படும்படி மேசைமேல் வைக்கவும். சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வீட்டில் வேறொருவர் அதைப் போட்டுவிடலாம்.
2. கால் மணி நேரம் ஆற விடவும். ஓடிய 6வி6 கண்ணாடி விரலைச் சுட்டுவிடும்.
3. மோதிரம், வாட்ச், கைச்சங்கிலியைக் கழற்றவும். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும்.
4. மேல் பின்பலகையின் திருகுகளைக் கழற்றவும். போர்டு கண்ணுக்குத் தெரியும். இன்னும் எதையும் தொட வேண்டாம்.
5. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனைக் கிளிப்பை முதலில் ஷாசியில் மாட்டவும்.
6. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளவும். வலது கையால் மட்டும், ரெசிஸ்டரின் மறுமுனையைக் காப்புறையைப் பிடித்தபடி முதல் கெபாசிட்டரின் நேர்முனையில் வைத்துப் பத்து விநாடி பிடிக்கவும்.
7. மற்ற இரண்டு கெபாசிட்டர்களுக்கும் அவ்வாறே செய்யவும்.
8. மீட்டரை நேர்மின்னழுத்தத்தில் 600 வோல்ட் அளவில் வைத்து மூன்றையும் அளக்கவும். ஒவ்வொன்றும் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.
9. ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வடித்த பிறகும் தானாகவே கொஞ்சம் மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்ளும்.

ஒரு கை பின்னால் இருக்க வேண்டும் என்பது சடங்கு அல்ல. இரு கைகளும் உள்ளே இருந்தால் ஒரு கையில் ஏறும் மின்சாரம் மார்பைக் கடந்து மறு கை வழியாக இறங்கும். அந்தப் பாதையில்தான் இதயம் இருக்கிறது.

குறிப்பு: நீண்ட நேர வேலையென்றால் 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டின் முதல் காலிலிருந்து ஷாசிக்கு ஒரு கிளிப் கம்பியை மாட்டி விடலாம். அந்தக் காலில் உள்ள 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மீதி மின்சாரம் வடிந்துகொண்டே இருக்கும். மறுபடி மின்சாரம் கொடுக்கும் முன் கம்பியைக் கழற்ற மறக்கக் கூடாது; அதற்குச் சிவப்பு நிறக் கம்பியாகப் பார்த்து எடுப்பது நல்லது.

## வால்வு மாற்றுதல்

இதற்கு ஷாசியைத் திறக்கவே வேண்டியதில்லை. அணைத்து, பிளக்கை உருவி, ஆற விட்டால் போதும்.

1. வால்வைப் பிடித்து வைக்கும் கிளிப் அல்லது உலோக மூடி இருந்தால் விடுவிக்கவும்.
2. எட்டுக் கால் வால்வைக் கண்ணாடியில் அல்ல, கீழேயுள்ள கறுப்பு அடித்தளத்தில் பிடிக்கவும். கண்ணாடியைத் திருகினால் ஒட்டு விட்டுப்போகும்.
3. மெல்ல முன்னும் பின்னும் ஆட்டியபடி நேராக இழுக்கவும்.
4. புது 6வி6இன் நடுக்கட்டையில் உள்ள வரம்பைச் சாக்கெட்டின் பள்ளத்தோடு பொருத்திய பிறகே அழுத்தவும்.
5. 12ஏஎக்ஸ்7க்கு நடுக்கட்டை கிடையாது. கால்களுக்கிடையே அகன்ற இடைவெளி எங்கே என்று பார்த்து அமர்த்தவும். வளைந்த காலை அழுத்தினால் அடிக்கண்ணாடி விரியும், காற்று புகுந்து வால்வு செத்துப்போகும்.

எந்த வால்வை எதற்குப் பதில் போடலாம் என்பதில்தான் தவறுகள் மிகுதி. 12ஏஎக்ஸ்7 இடத்தில் 12ஏஒய்7 போடலாம். பெருக்கம் பாதிக்கும் கீழே வந்து, குமிழை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் நாதம் தெளிவாக இருக்கும். 6வி6 இடத்தில் 6எல்6 போடவே கூடாது. கால் அமைப்பு பொருந்துவதால் பலர் துணிந்துவிடுகிறார்கள். 6எல்6இன் ஹீட்டர் 0.9 ஆம்பியர் இழுக்கும், 6வி6க்கு அதில் பாதி போதும். ஐந்து வாட் ஆம்புக்குச் சுற்றிய சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர் அந்தக் கூடுதல் பளுவைத் தாங்காது.

ரெக்டிஃபயர் இன்னும் கவனிக்க வேண்டியது. 5ஒய்3இன் ஹீட்டர் இழுப்பது 2 ஆம்பியர், 5யு4 இழுப்பது 3 ஆம்பியர்; ஆகவே 5யு4 போடக் கூடாது. 5ஏஆர்4 என்கிற ஜிஇசட்34 ஹீட்டர் அளவில் பொருந்தும், ஆனால் அதற்குள் இழக்கப்படும் மின்னழுத்தம் குறைவு. அதனால் 6வி6க்குப் போகும் மின்னழுத்தம் ஏறிவிடும். 5ஒய்3 என்றே பெயரிட்டு இன்று விற்கும் சில வால்வுகளும் உள்ளமைப்பில் வேறுபட்டு, பழையவற்றைவிட உயர்ந்த மின்னழுத்தத்தைத் தருகின்றன. ரெக்டிஃபயரை மாற்றினால் அடுத்த பகுதியில் உள்ள அளவீட்டைத் தவிர்க்கவே முடியாது.

## 6வி6 எவ்வளவு உழைக்கிறது என்று அளத்தல்

சாம்புக்கு பயஸை, அதாவது வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை, சரிசெய்யும் திருகு கிடையாது. 6வி6இன் எட்டாம் காலுக்கும் ஷாசிக்கும் நடுவே உள்ள 470 ஓம் ரெசிஸ்டர் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. மின்னோட்டம் ஏறினால் ரெசிஸ்டரில் மின்னழுத்தம் ஏறி, வால்வை அடக்கும். இதனால் “பயஸ் பார்க்கவே தேவையில்லை” என்ற கருத்து பரவியிருக்கிறது. திருத்தத் தேவையில்லை என்பது சரி. அளக்கத் தேவையில்லை என்பது சரியல்ல.

கால்களை எண்ணும் முறை: சாக்கெட்டை வயரிங் பக்கத்திலிருந்து பார்த்து, பள்ளத்திலிருந்து கடிகார முள் திசையில் ஒன்று, இரண்டு என எண்ண வேண்டும். மேலிருந்து பார்த்து எண்ணினால் எல்லாமே தலைகீழாகும்.

1. மேலே சொன்னபடி மின்சாரத்தை வடிக்கவும்.
2. 470 ஓம் ரெசிஸ்டரின் உண்மையான மதிப்பை அளந்து எழுதிக்கொள்ளவும். 480, 490 என்று காட்டுவதும் உண்டு.
3. மீட்டரின் கறுப்பு முனையை ஷாசியில் கிளிப்பால் மாட்டவும். சிவப்பு முனையை எட்டாம் காலில் மாட்டவும்.
4. ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா எனப் பார்த்து, குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, கைகளை வெளியே எடுத்த பிறகே மின்சாரம் கொடுக்கவும்.
5. பத்து நிமிடம் கழித்து அளவைக் குறிக்கவும். 18 முதல் 20 வோல்ட் வரை எதிர்பார்க்கலாம்.
6. அணைத்து, வடித்து, சிவப்புக் கிளிப்பை மூன்றாம் காலுக்கு மாற்றி மறுபடி அளக்கவும். இது பிளேட் மின்னழுத்தம். 320 முதல் 360 வோல்ட் வரை இருக்கும். மின்சாரம் ஓடும்போது கிளிப்பை இடம் மாற்றக் கூடாது.
7. அதே நேரம் சுவர் மின்னழுத்தத்தையும் குறிக்கவும். மாலையில் 215, நடு இரவில் 245 என்று ஏறி இறங்கும் ஊரில் இந்தக் குறிப்பு இல்லாத அளவீடு பயன்படாது.

கணக்கு எளியது. எட்டாம் காலில் 19 வோல்ட், ரெசிஸ்டர் 470 ஓம் என்றால், 19ஐ 470ஆல் வகுக்க 40.4 மில்லி ஆம்பியர். இதில் ஸ்கிரீன் கிரிட் எடுத்துக்கொள்வது 2 முதல் 3 மில்லி ஆம்பியர். அதைக் கழித்தால் பிளேட்டில் ஓடுவது சுமார் 38. பிளேட்டில் 340 வோல்ட் இருந்தால், 19ஐக் கழிக்க 321. இரண்டையும் பெருக்கினால் 12.2 வாட். 6வி6ஜிடிக்கு 12 வாட் என்பது பழைய வரம்பு. பிற்கால அட்டவணைகளில் உச்சவரம்பு 14 வாட். இந்த வகை ஆம்ப் சும்மா இருக்கும்போதே முழுத் திறனில் எரிவதால், வரம்பை ஒட்டிய எண் வருவது இயல்புதான்.

14ஐத் தாண்டினால் வால்வின் ஆயுள் குறையும். 470க்குப் பதில் 560 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டால் மின்னோட்டம் இறங்கும். அந்த இடத்தில் அரை வாட் ரெசிஸ்டர் போடக் கூடாது. அங்கே எப்போதும் முக்கால் வாட் சூடு இருந்துகொண்டே இருக்கும்.

கண்ணால் பார்த்தும் சில முடிவுகளுக்கு வரலாம். விளக்கை அணைத்துப் பார்க்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த நீல ஒளி கெடுதல் அல்ல. உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊதா அல்லது இளஞ்சிவப்பு மூட்டம் தெரிந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சாம்பல் நிறப் பிளேட்டே சிவந்து கனன்றால் உடனே அணைக்க வேண்டும்.

## ஹம், கரகரப்பு, விட்டு விட்டு வரும் சத்தம்

ஹம் எங்கிருந்து வருகிறது என்று அதன் சுருதியே சொல்லிவிடும். கித்தாரை டியூன் செய்து, ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டில் ஒரு ஜி வாசிக்க வேண்டும். அது 98 ஹெர்ட்ஸ். ஆம்பின் ஹம் அதே சுருதியில் நின்றால் அது 100 ஹெர்ட்ஸ் ஹம். ரெக்டிஃபயருக்கு அடுத்துள்ள மின்வடிப்புக் கெபாசிட்டர்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ். கெபாசிட்டரை மாற்றி அதற்குப் பயனில்லை. ஹீட்டர் கம்பி, எர்த் இணைப்பு, கித்தார் கேபிள், அருகிலுள்ள சாதனம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிறகு இடத்தைக் குறுக்க வேண்டும்:

1. கேபிளை உருவவும். சத்தம் நின்றால் பழுது கேபிளில் அல்லது கித்தாரில்.
2. நிற்காவிட்டால் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும். அப்போது நின்றால் பழுது 12ஏஎக்ஸ்7இன் முதல் பாதியில் அல்லது உள்ளீட்டு ஜாக்கில்.
3. அப்போதும் நிற்காவிட்டால், அணைத்து, ஆற விட்டு, 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றி, அது இல்லாமலே சுவிட்சை மறுபடி போடவும். ஸ்பீக்கர் இணைந்தே இருக்கட்டும். சத்தம் நின்றால் அந்த வால்வையோ அதைச் சுற்றிய உதிரிகளையோ சந்தேகிக்கவும். நிற்காவிட்டால் 6வி6 அல்லது மின்வழங்கல்.

12ஏஎக்ஸ்7ஐ மரக்குச்சியால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் கிணிங் என்று மணியோசை கேட்டு நீடித்தால் வால்வு அதிர்வை எடுக்கிறது. ஸ்பீக்கரோடு ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஆம்பில் இது விரைவில் வரும். மெல்லிய டொக் ஓசை மட்டும் கேட்டால் மாற்ற வேண்டியதில்லை.

ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் எல்லோரும் உடனே கான்டாக்ட் கிளீனரைத் தெளிப்பார்கள். பெரும்பாலும் அது போதும். தெளித்து இரண்டு வாரத்தில் கரகரப்பு திரும்பி வந்தால், காரணம் தூசி அல்ல. குமிழுக்கு முன்னுள்ள 0.02 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் நேர்மின்னழுத்தத்தைக் கசியவிடுகிறது. அதன் இணை 6வி6க்கு முன்னும் இருக்கிறது. அது கசிவது ஆபத்து. 6வி6இன் ஐந்தாம் காலில் நேர்மின்னழுத்தம் ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை வோல்ட் நேர் மதிப்பு காட்டினாலும் அந்தக் கெபாசிட்டரை மாற்ற வேண்டும். விட்டுவைத்தால் 6வி6 சிவந்து எரியும்.

கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் ஈரக்காற்றை ஃபைபர் போர்டு உறிஞ்சிக்கொண்டு, உதிரிகளுக்கிடையே மெல்லியதாக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். மழைக்காலத்தில் இரைச்சலும் வெயில் காலத்தில் அமைதியும் என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஷாசியில் கறுப்பு முனையை மாட்டி, ஆம்ப் ஓடும்போது சிவப்பு முனையை ஒரு கையால் போர்டின் வெற்றிடத்தில், உதிரியின் காலில் படாமல், வைத்துப் பார்க்க வேண்டும். சில வோல்ட்டுகள் காட்டினால் போர்டு ஈரம் பிடித்திருக்கிறது. வடித்த பின் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் பொறுமையாக உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். வாரத்தில் இருமுறை அரைமணி நேரம் ஆம்பை ஓடவிடுவதே ஈரம் சேராமல் காக்கும் எளிய வழி.

விட்டு விட்டு வரும் சத்தத்துக்கு மரக்குச்சிதான் மருந்து. ஆம்ப் ஓடும்போது, ஒரு கையால், ஒவ்வொரு ஈய இணைப்பையும் மெல்ல அழுத்த வேண்டும். குச்சி பட்டதும் சத்தம் மாறும் இடமே பழுது. மங்கிச் சொரசொரப்பாகத் தெரியும் இணைப்புகளை முதலில் பார்க்கலாம்.

## உதிரி மாற்றுதல்

1. வேலைக்கு முன் போர்டை நான்கைந்து கோணங்களில் படம் எடுக்கவும். கம்பிகள் எந்த வழியாக வளைந்து செல்கின்றன என்பதும் படத்தில் தெரிய வேண்டும்.
2. மின்சாரத்தை வடித்து, அளந்து உறுதி செய்யவும்.
3. பித்தளைக் குழியில் அயர்னை வைத்து, ஈயம் முழுதாக உருகிய பிறகே காலை இழுக்கவும். உருகாமல் இழுத்தால் குழி போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். ஒரே குழியில் மூன்று நான்கு கால்கள் சேர்ந்திருப்பது சாதாரணம்; மற்றவை விலகாதபடி பார்க்கவும்.
4. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்கவும்.
5. புது உதிரியின் காலை வளைத்து நுழைத்து, குழியையும் காலையும் ஒருசேரச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தை உருகவிடவும். அயர்ன் நுனியில் உருக்கிய ஈயத்தை அப்பினால் பிடிக்காது.
6. ஈயம் உறையும் வரை காலை அசைக்க வேண்டாம்.

மின்வடிப்புக் கெபாசிட்டர்களை மாற்றும்போது நேர், எதிர் முனைகளை இருமுறை சரிபார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். 450 வோல்ட்டுக்குக் குறைந்தது வேண்டாம், 500 கிடைத்தால் நல்லது. 16 மைக்ரோஃபாரட் இடத்தில் 22 போடலாம். 100 போடக் கூடாது. முதல் கெபாசிட்டரின் கொள்ளளவு ஏறினால், சுவிட்ச் போட்டதும் 5ஒய்3 வழியாகப் பாயும் மின்னோட்டம் அதன் வரம்பை மீறும்.

கிரிட்டுக்குப் போகும் கம்பியும் பிளேட்டுக்குப் போகும் கம்பியும் அருகருகே ஓடினால் ஆம்ப் ஊளையிடும். மறுவெளியீட்டின் வயரிங் அழகுக்காக வளைக்கப்பட்டதல்ல. படத்தில் இருந்த பாதையிலேயே கம்பியைத் திருப்பி வைக்க வேண்டும்.

## மூடுவதற்கு முன் முதல் மின்சாரம்

1. போர்டில் ஈயத் துளி, கம்பி நறுக்கு ஏதும் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். ஷாசியை ஒருமுறை கவிழ்த்துத் தட்டவும்.
2. வடிப்பதற்காக மாட்டிய கிளிப் கம்பியைக் கழற்றவும்.
3. பின்பலகையில் குறித்த மதிப்புள்ள ஃபியூஸ்தான் இருக்கிறதா என்று பார்க்கவும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது ட்ரான்ஸ்ஃபார்மரை எரிக்கும் வழி.
4. மூன்று வால்வுகளையும் கழற்றிய நிலையில், ஸ்பீக்கரை இணைத்து, சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுக்கவும். ஸ்டெப்-டவுன் உள்ளவர்கள் பல்பைச் சுவர்ப் பக்கம் வைக்கவும். பல்பு ஏறத்தாழ எரியாமல் இருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஷார்ட்.
5. அணைத்து, வடித்து, மூன்று வால்வுகளையும் போட்டு மறுபடி கொடுக்கவும். பல்பு முதலில் பளிச்சிட்டு, மங்கி, வால்வுகள் சூடேறியதும் மீண்டும் கொஞ்சம் கூடி நிலைக்க வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைக்கவும். கெபாசிட்டர் முனை தலைகீழாக இருக்கலாம், அல்லது கம்பி ஒன்று ஷாசியைத் தொடலாம்.
6. பல்பு ஒழுங்காக நடந்தால் அதை நீக்கி, நேரடி மின்சாரத்தில் எட்டாம் கால், மூன்றாம் கால் அளவுகளை மறுபடி எடுக்கவும். பல்பு இருக்கும்போது எடுத்த அளவுகள் குறைவாகவே காட்டும், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
7. கித்தாரை முதல் உள்ளீட்டில் செருகி, குமிழை மெல்ல ஏற்றிப் பத்து நிமிடம் வாசிக்கவும். இரண்டாம் உள்ளீட்டில் சத்தம் பாதியளவுக்கு இறங்கிக் கேட்டால் அது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி.
8. அணைத்து, ஆறிய பின் பின்பலகையைப் பூட்டவும். தேதி, சுவர் மின்னழுத்தம், எட்டாம் கால் மற்றும் மூன்றாம் கால் அளவுகள், மாற்றிய உதிரிகளின் மதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் உட்பக்கத்தில், வால்வுச் சூடு படாத இடமாகப் பார்த்து ஒட்டவும்.